நான் கொடுத்த லிப்ட்

போன வாரம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிப்ட் வாசலில் நின்றேன். ஏறவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவன் நான். ஆனாலும் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு மேலே போகிற அந்தப் பெட்டிக்குள் கால் வைக்கக் கூச்சம். உள்ளே ஸ்டூலில் இருந்த ஆள், "ஏறுய்யா, எந்த மாடி?" என்றார். மூன்றாவது மாடி என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. "இல்லீங்க... படியிலியே போறேன்" என்று ஒதுங்கினேன்.

ஒதுங்கின இடத்தில்தான் அதைப் பார்த்தேன்.

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டும். நாலு பேர் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் நின்ற ஊழியர், "யாரும் முந்தாதீங்க. ஒன்... டூ... த்ரீ!" என்றார். ஆள் பலகை மாதிரி எழும்பினார், பலகை மாதிரி இறங்கினார். உடம்பில் ஓரிடம்கூட வளையவில்லை. கூட வந்த சொந்தக்காரர் தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்கப் போனார். பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார் அந்த ஊழியர். "முதுகு அடிபட்ட ஆளை உக்கார வெப்பியா? உனக்கு மூளை இருக்குதா?"

திட்டு வாங்கியவர் அவர். வியர்த்தது எனக்கு.

மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறவன் கோவிந்தசாமி, என் மனைவியின் தம்பி. நகரியில் தறி நெய்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது படுக்கைப் புண் பெரிதாகி, இங்கே சேர்த்திருக்கிறோம்.

"இன்னா மாமா, மூச்சு வாங்குது? லிப்ட்ல வர்ல?"

"படியில வந்தேன்."

"நல்லா கீதே நாயம்! காலு கீறவன் நடந்து வரான். காலு இல்லாத என்னை ராஜா மாரி பெட்டில வெச்சித் தூக்கினு வந்தாங்க."

அவன் சிரித்தான். பக்கத்துக் கட்டிலும் சிரித்தது. நான் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

"ஆமா மாமா, இதுவும் லிப்ட்டு, நீ லாரில ஏத்தினு போறதும் லிப்ட்டு. ரெண்டும் ஒரே வார்த்தையா?"

எனக்கு எங்கே தெரியும்? நான் ஐந்தாம் வகுப்பு. ஊர் திரும்பும்போது புத்தூரில் எனக்குத் தெரிந்த ஹைஸ்கூல் வாத்தியாரிடம் கேட்டேன். "ஏமய்யா டிரைவரு, பரீட்சைக்கா போற?" என்று கேலி செய்துகொண்டே தடித்த அகராதியைப் புரட்டினார்.

வடகடல் பக்கத்துக் கப்பல்காரர்கள் இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்த வார்த்தையாம் அது. அவர்கள் பாஷையில் ஆகாயத்துக்கும் காற்றுக்கும் இருந்த சொல்லிலிருந்து பிறந்ததாம். தரையில் கிடப்பதை ஆகாயத்துப் பக்கம் உயர்த்துவதுதான் லிப்ட். பிறகு பூமியிலிருந்து கிழங்கு எடுப்பதும் லிப்ட் ஆயிற்று. அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதும் லிப்ட் ஆயிற்று, கேட்டீர்களா? மாடி ஏற்றும் பெட்டி வந்ததும் அதற்கும் அதே பேர். வழியில் நிற்கிறவனை வண்டியில் ஏற்றிக்கொள்வது கடைசியாக வந்த பிள்ளைகளில் ஒன்று. அதே பெட்டிக்கு அமெரிக்காவில் வேறு பேராம்.

"ஒரு வார்த்தை எவ்வளவு பாரம் தூக்குது பாரு" என்றார் வாத்தியார்.

நகரி–புத்தூர் ரோட்டில் லிப்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். சேலை மூட்டையோடு நெசவாளி நிற்பார். நாராயணவனம் கோயிலுக்குப் போகிற குடும்பம் நிற்கும். அவர்களை ஏற்றுவதும் ஏற்றாததும் டிரைவர் மனசு. ஆனால் எலும்பு முறிந்தவன் கை நீட்டவே வேண்டாம். புத்தூருக்குக் கட்டுக் கட்டப் போகிறான் என்று பார்த்ததுமே தெரியும். பிரேக் தானாக விழும். அவனைப் பின்னால் மூட்டை மேல் போட மாட்டோம். கேபினில், டிரைவருக்குப் பக்கத்தில், உட்கார வைப்போம். அது எங்கள் ரோட்டு மரியாதை. எத்தனையோ உடைந்த கையும் காலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கின்றன... ஒருவரும் குறை சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் பக்கம் ஒரே எல்லைப் பேச்சு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்கு? டீக்கடையில் தொடங்கினால் பெண் கொடுத்த வீடு வரைக்கும் சண்டை. எல்லை பார்க்க அதிகாரி வருகிறார் என்று ஒருநாள் புரளி. ஏரிக்கரையில் இரண்டு பனைமரங்கள். ஒன்றின் உச்சியில் ஆந்திராக் கட்சி தன் கொடியைக் கட்டிவிட்டது. இன்னொன்றில் தங்கள் கொடி பறக்க வேண்டும் என்று கோவிந்தசாமியின் தெருவுக்கு ரோசம். மரம் ஏறுகிறவர் ஊரில் இல்லை.

"ஏமிரா, தறில மிதிக்கட்டை மிதிக்கிற காலு பனை ஏறுமா?" என்று அந்தக் கட்சியில் ஒருவன் சீண்டினான்.

"துன்ன கூழு செரிக்க வாணாமா? ஏறிக் காட்றேன் பாரு" என்றான் கோவிந்தசாமி.

ஏறினான். கட்டினான். இறங்கும்போது பாதி மரத்தில் கை விட்டுவிட்டது.

நான் அங்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற லாரியை நிறுத்தியிருந்தேன். ஓடினேன். மல்லாந்து கிடந்தான். "மாமா, முதுகுதான் வுட்டுப்போன மாரி கீது. காலு நல்லா கீது, பாரு" என்று விரல்களை ஆட்டினான். இரண்டு கால் விரல்களும் ஆடின. நான் பார்த்தேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "வண்டியில வைக்கோல் போட்டு, படுத்தவாட்டமே இட்டுனு போலாம்பா" என்றார்.

"மாட்டு வண்டியா? போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது பூடும். என் லாரி கீது. நான் ஏத்தினு போறேன்" என்றேன்.

கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

பின்னால் முழுக்க நூல் மூட்டை, பேல் பேலாக. அதனால் என்ன, கேபின் இருக்கிறதே? இரண்டு பேர் அவன் அக்குளில் கை கொடுத்தார்கள். நான் காலைத் தூக்கினேன். நடுவில் அவன் தூளி மாதிரி தொய்ந்தான். அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உட்கார வைத்தோம். சரிந்து விழாமல் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். அதையும் அக்கறையாகத்தான் செய்தேன்.

பாதி வழியில், "மாமா, காலு மரத்துப் போச்சி" என்றான்.

"குந்திக்கினே வந்தா மரத்துத்தான் போவும். தோ வந்துட்டோம்" என்று வேகத்தைக் கூட்டினேன். ரோட்டில் பள்ளமெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

புத்தூரில் கட்டுக் கட்டுகிற பெரியவர் அவன் முதுகைத் தடவினார். உள்ளங்காலில் ஈர்க்குச்சியால் கீறினார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"விழுந்தப்போ காலு ஆடுச்சா?"

"ஆடுச்சிங்க."

"குந்த வெச்சா இட்டுனு வந்த?"

"லாரிங்க... எடம் இல்ல..."

"பலகையில படுக்க வெச்சிக் கட்டிக் கொண்டாந்திருக்கணும்பா. இது என் கையில இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றவர், தன் வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பேல்களை அவர் வாசலிலேயே இறக்கிப் போட்டு, அந்தக் கதவில் அவனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். விரல்கள் அதற்குப் பிறகு ஆடவில்லை.

விழுந்த அடியிலேயே உள்ளே ஏதாவது அறுந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அவர்கள் மரத்தடியில் இல்லையே?

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. பக்கத்துத் தாலுகா சென்னைப் பக்கம் போயிற்று. எங்கள் ஏரிக்கரை ஆந்திராவிலேயே நின்றது. பனைமரத்தைப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. கொடி ஆடிக்காற்றில் கிழிந்துபோனது.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். கோவிந்தசாமியின் இடத்தில் இப்போது அவன் பெண்சாதி குப்பம்மா உட்கார்கிறாள். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பான். யார் வந்தாலும் சொல்வான்: "எங்க மாமா மட்டும் லாரில தூக்கினு போவலன்னா, நான் அன்னிக்கே பூட்டிருப்பேன்." அந்த வீட்டில் முதல் இலை எனக்குத்தான். குப்பம்மா கறியை எனக்கு வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு வைப்பாள். மூன்று வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன். புத்தூர்ப் பெரியவர் சொன்னதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

மனசறிந்து செய்த கெடுதலுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வழி உண்டு. காலைத் தொட்டாவது கேட்டுவிடலாம். நல்லது என்று நினைத்துச் செய்ததற்கு என்ன சொல்லிக் கேட்பது? அதுவும், தொட்டால் தெரியாத காலிடம்?

ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தபோதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு வருவது இந்த வாரப் பத்திரிகைக்கு எழுதுகிற இந்த ஒரு பக்கம்தான். கோவிந்தசாமி வாரா வாரம் எழுத்துக்கூட்டிப் பத்திரிகையை முழுக்கப் படிக்கிறவன். கட்டிலில் படுத்தபடி இதையும் படிப்பான்.

உன் விரல்கள் ஆடினதை நான் பார்த்தேன்டா கோவிந்தசாமி. உன்னை உட்கார வைத்தது நான்தான்.