பருத்திப் பூ பார்க்க நின்ற வேன்

அத்தாவை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் கிளம்பிவிட்டோம், அம்மாவைத் தவிர. மாமா பிடித்துவந்த வாடகை வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் துண்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

டெய்லர் கடையில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளிலெல்லாம் கடையில் வாங்கிய திரைதான் தொங்கும். எங்கள் அம்மா தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். அடுப்பில் சோறு குழையும். கூப்பிட்டால் காதில் விழாது. நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அவளை மேய்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

ஒருவழியாக ஏற்றினோம். சிறுவாச்சூர் தாண்டியதும், "தம்பி, வண்டியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்றாள் மாமாவிடம். வாந்தி வருகிறதாக்கும் என்று மாமா பதறி நிறுத்தச் சொன்னார். அம்மா நிதானமாக இறங்கிப்போய் ஒரு பருத்திக் காட்டு வரப்பில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவர் பீடியைப் பற்றவைத்தார். புதுப் பாவாடை வேர்வையில் காலோடு ஒட்ட, அவளை இழுத்துவர நான்தான் போனேன்.

"இங்க பாரு. நேத்து பூத்தது ரோஸாயிடுச்சு, இன்னைக்குப் பூத்தது மஞ்சளா இருக்கு. ஒரே செடியில."

பார்த்தேன். இரண்டு பூ. என் புதுச் செருப்பில் சேறு. வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது விமானத்தில் வந்தவர்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். கயிறு கட்டிய பெட்டிமேல் அத்தா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பால்வாடியில் சேர்ந்த வருஷம் சவூதிக்குக் கிளம்பியவர். போட்டோவில் கறுப்பாக இருந்த மீசை நரைத்திருந்தது. மாமா ஸலாம் சொல்லி, வழியில் டயர் பஞ்சர் என்று ஒரு கதையும் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பஞ்சரெல்லாம் இல்லத்தா. அம்மா பருத்திப் பூ பாத்துக்கிட்டு நின்னுச்சு."

மாமா என் முதுகில் கிள்ளினார். அம்மா தலை குனிந்துகொண்டாள். அத்தா அவளை வெகுநேரம் பார்த்தார். இப்போது சரியான திட்டு விழும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவரோ பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்.

வண்டி திருச்சியைத் தாண்டியதும் என் ரேங்கைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மா பக்கம் திரும்பி, "என்ன பாத்த, சொல்லு" என்றார்.

மாமா இருக்கிற கூச்சத்தில் அம்மா முதலில் மென்று விழுங்கினாள். பிறகு பூவைச் சொன்னாள். அதிலிருந்து திரைக்குப் போனாள். மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்த ரோஸும் ஒட்டாமல் தான் பிரித்துப் பிரித்துத் தைத்ததை, இன்றைக்கு அந்தச் செடியில் அது தானாகச் சேர்ந்திருந்ததைச் சொன்னாள். அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அத்தா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெட்டியில் இருக்கும் சாக்லேட்டைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

"அத்தா தூங்கிட்டாங்கம்மா. போதும்" என்றேன்.

அம்மா நிறுத்தினாள்.

அத்தா கண்ணைத் திறக்காமலே, "அப்புறம்?" என்றார்.

ஒரு பருத்திப் பூவில் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.