மஞ்சள் புள்ளி

எண்ணூரில் என் தோஸ்து ஒருத்தன் இருக்கிறான். பக்கத்துக் கம்பெனியில் கேஸ் கசிந்து தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு நாள். அதிலிருந்து அவன் மனைவி, எனக்கு அண்ணி, பொழுது சாய்ந்தால் கேஸ் உள்ளே வராதபடி பழைய புடவைகளை நனைத்துக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாம் திணிப்பார். "என் வூட்ல ஜன்னலுக்குக்கூடப் பொடவ கீது, எனக்குத்தான் லுங்கி இல்ல" என்பான் அவன். சிரிப்போம். ஆனால் சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்து, அவர்கள் மகளுக்கு வீசிங் வந்துவிட்டது. துணியை நிறுத்தாவிட்டால் பிள்ளை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மனசு கேக்குது தம்பி, கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார் அண்ணி. அவர் பயத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைப்பவன். மிச்ச நேரத்தில், மனிதர்களின் பயங்களை அவர்களையே நடிக்கவைத்துப் படம் எடுப்பேன். பல்லிக்கு அலறுகிறவர், பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவர் என்று. தங்கள் படத்தைப் பார்த்துச் சிலர் வெட்கத்தோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பயம் கொஞ்சம் கழன்று விழுந்த மாதிரி இருக்கும். அண்ணிக்கும் அப்படிக் கழலட்டும் என்றுதான், படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அதையும் பார்த்துவிடலாம் என்றார்.

ஒரு சாயங்காலம், துணியெல்லாம் திணித்துவிட்டு அறை நடுவே உட்கார்ந்தார். கேஸ் வெளியே வந்து நிற்கிற மாதிரி தெரியட்டும் என்று வீட்டை ஒட்டிய சந்தில் என் கல்யாண லைட்டை வைத்து மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றினேன். ஈரத்துணிகளின் ஓரங்களெல்லாம் மஞ்சளாக மினுங்கின. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன்.

அண்ணி சிரிக்கவில்லை. தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் மேல் மூலையில் விரல் வைத்தார். பீரோவுக்கு மேலே, கேபிள் ஒயர் உள்ளே வரும் இடத்தில், மிளகளவு மஞ்சள் புள்ளி.

"இன்னா தம்பி இது? இத்தினி நாளா இது தொறந்தா கெடந்துச்சு?"

அது என் லைட்டு, கேஸ் இல்லை என்றேன். வெளிச்சம் வருகிற வழியில் வேறென்ன வராது என்று கேட்டார். தோஸ்து அன்றைக்கு லுங்கி ஜோக் சொல்லவில்லை.

இப்போது அந்தப் படம் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு இடுக்காகத் துணி வைக்கிறார். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஓட்டை. படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

"இது இருந்தாதான் தம்பி எதுவும் உட்டுப்போவாது" என்கிறார்.

உள்ளே பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறது.