சரிவில் மட்டும் நிறுத்துகிறவர்

தம்புள்ளை காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்க முறை வரும்வரை, சாரதிகள் நாங்கள் பிளேன்டீ குடித்தபடி உலகத்திலேயே மோசமான கெப், அதாவது மூட்டை ஏற்றும் சிறு வண்டி, எது என்று சண்டை போடுவோம். அவரவர் வண்டிதான் படுமோசம் என்று நிரூபிப்பதில்தான் போட்டி. ஒருவருக்குக் கதவு கையோடு கழன்று வந்திருக்கும். எனக்கு மழை பெய்தால் மடியில் ஒழுகும்.

எல்கடுவப் பக்கமிருந்து போஞ்சி ஏற்றி வரும் ஒருவர் மட்டும் இதில் சேரமாட்டார். ஒல்லியான ஆள், வெயிலிலும் கம்பளித் தொப்பி. கெப் புதிது. ஆனாலும் வாசலோரம் இருக்கிற சிறு சரிவில்தான் நிறுத்துவார். அங்கிருந்து மூட்டைகளைத் தோளில் சுமந்து வருவார்.

"அண்ணே, நீங்க முன்னால வச்சிருந்த பழைய கெப்தானே இருக்கிறதுலயே மோசம்? பெட்டரி செத்து, சரிவுல உருட்டித்தானே ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அத ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. சரிவுல விட்டா அது ஒருநாளும் ஏமாத்தினதில்ல. ஆயுத பூசைக்குக் கழுவிப் பொட்டு வைக்கணும்னு நான்தான் தோட்டத்து லயத்து வீட்டு முன்னால சமதரையில நிப்பாட்டினேன். அன்னிக்குத்தான் மகளுக்கு மூச்சு முட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயத்துச் சனமே சேர்ந்து தள்ளுச்சு. ரோட்டு இறக்கத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள புள்ள போயிருச்சு."

கிளாசை வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

அவர் புறப்படுவதை அன்று நின்று பார்த்தேன். சாவியைத் திருப்பினாலே கிளம்புகிற வண்டி. அவரோ பிரேக்கை விட்டு, சரிவில் உருளவிட்டுத்தான் கிளப்பினார்.