முந்திப் பதில் சொன்ன பெட்டி

லேப்காரருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தது அவருடைய அக்கா. அப்போது அவருக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. வகுப்பில் வாத்தியார் பக்கத்துப் பையனின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றிருக்கிறார். பக்கத்துப் பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அடி வாங்கிக்கொண்டு வீடு வந்தவரைப் பார்த்து, "உன்னைய யாருடா கேட்டா, முந்திரிக்கொட்டை?" என்றாள் அக்கா. அவள் கேட்டு முடிப்பதற்குள் அதற்கும் ஒரு பதில் சொன்னார்.

வயது ஐம்பதைத் தாண்டியும் குணம் போகவில்லை. இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபுக்கு அவர்தான் பொறுப்பு. வேலையில் கெட்டிக்காரர், அதைக் குறை சொல்ல முடியாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. தலைமையாசிரியை "லேப் சார், அந்த..." என்று ஆரம்பித்தால் போதும், "முடிச்சிட்டேன் மேடம்" என்பார். எதை முடித்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவள் அவர் மனைவி. முழங்கால் வலி என்று ஒருமுறை டாக்டரிடம் போனார்கள். "எந்தக் கால்மா?" என்று டாக்டர் கேட்டார். "இடது கால், டாக்டர். மாடிப்படி ஏறினா குத்துதாம்" என்று இவர் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடது முழங்கால் அருமையாக இருந்தது. வலித்தது வலது கால். துணிக்கடையில் "என்ன கலர்ல பாக்குறீங்க மேடம்?" என்று கேட்டால் "பச்சை" என்று இவர்தான் சொல்லுவார். பீரோவைத் திறந்தால் பச்சையைத் தவிர வேறு நிறத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அவளுக்குப் பச்சை பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும் என்று அதற்கும் இவரே சொல்லிவிடுவார். முதலில் அவளும் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு யார் எது கேட்டாலும் புருஷன் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அது ஒரு வசதி என்றே இவர் நினைத்திருந்தார்.

அவள் ஒரு நூலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தாள். தற்காலிகம் என்றால், கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து தற்காலிகம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் கம்ப்யூட்டரில் ஒரு செய்முறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. இந்த வருஷத்தோடு அவளுக்கு அந்த வரம்பு முடிகிறது. லேப்காரர் பழுதான கீபோர்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எதிலும் செருகாத அந்தக் கீபோர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, சாயங்காலமெல்லாம் தட்டிப் பழகினாள். திரை இல்லாததால் அடித்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் விடவில்லை.

தேர்வு மையமாக அறிவிக்கப்பட்டது இவருடைய லேப்தான். கூடவே ஒரு நிபந்தனை: தேர்வு அன்று காலையில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்த மையத்தில் தேர்வு ரத்து, மறுதேர்வு அடுத்த வருஷம். மற்றவர்கள் அடுத்த வருஷம் எழுதிக்கொள்வார்கள். அவர் மனைவிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

"அட, என் லேப்ல நடக்குற பரீட்சை ரத்தாகுமா? நீ கண்ணை மூடிக்கிட்டுப் படி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று அவள் கேட்கவில்லை.

அந்த லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து எதையும் ஏற்றுவதில்லை. ஒன்றை முழுசாகத் தயார் செய்வார். அதன் டிஸ்க்கை ஒரு பொட்டு விடாமல் நகல் எடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டரான சர்வரில் வைப்பார். அந்த நகலுக்கு இமேஜ் என்று பெயர். பிறகு மற்ற கம்ப்யூட்டர்களின் பட்டனைத் தட்டினால், அவை கேபிள் வழியாக சர்வரைப் பிடித்து, இமேஜை இறக்கிக்கொண்டு, முதலாவதைப் போலவே முழித்துக்கொள்ளும். முதலாவதில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லாவற்றிலும். ஒரு வருஷம் அவசரத்தில், தான் கொய்யாப்பழம் கடிக்கும் போட்டோவைத் திரையிலிருந்து எடுக்க மறந்து நகல் எடுத்துவிட்டார். அந்தப் பருவம் முழுக்க லேப் நிறைய அவர் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை புதன்கிழமைத் தேர்வுக்காகத் தேர்வு அலுவலகம் அனுப்பிய இமேஜை, லீவின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை சர்வரில் ஏற்றினார். பள்ளியில் ஈ காக்கை இல்லை. பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக எழுந்தன. திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியை, "லேப் சார், புதன்கிழமை..." என்று வாயைத் திறந்தார்.

"எல்லாம் ரெடி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து லேபைத் திறந்து போட்டால், பாதி கம்ப்யூட்டர் எழவில்லை.

கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்தது, நின்றது. படுத்தவற்றின் தலையிலெல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அணைத்துத் திரும்பப் போட்டால், குறி போட்டது எழுந்தது, போடாதது படுத்தது. அதற்கும் ஒரு குறி. மதியத்துக்குள் குறி இல்லாத கம்ப்யூட்டரே லேபில் இல்லை. கேபிள்களை மாற்றினார். சர்வரை அணைத்துப் போட்டார். இமேஜ் கெட்டுவிட்டதோ என்று அதையும் புதிதாக ஏற்றினார். எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, "நேத்து வந்து எதையோ நோண்டிட்டுப் போயிருக்க" என்றார். "நேத்து ஞாயித்துக்கிழமை சார், நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

சாயங்காலம் பள்ளி விட்டு ஆசிரியர்கள் எல்லாம் போன பிறகு, போகிற போக்கில் ஒருமுறை பட்டனைத் தட்டினார். அத்தனையும் சமத்தாக எழுந்தன. "சரியாப் போச்சு மேடம், இமேஜ்லதான் கோளாறு" என்று தலைமையாசிரியைக்குப் போன் செய்து சொன்னார். அந்த அம்மாள் எதையும் கேட்டிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பழைய குருடி கதவைத் திறடி.

அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. வீட்டு மேசை மேல் இருக்கும் அந்தச் செத்த கீபோர்டு கண்ணில் நின்றது. ரத்து என்று நாளைக்கு எவனாவது வந்து சொன்னால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை மதியம் தேர்வு எழுதுபவர்கள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மனைவியும் வந்தாள். எழுந்த கம்ப்யூட்டர்களில் மற்றவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். அவளுக்குக் கிடைத்தது படுத்துக் கிடந்த ஒன்று. அதன் முன்னால் உட்கார்ந்து, வெள்ளை எழுத்தை ஒரு விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். லேப்காரர் ஓடி வந்து அணைக்கப் போனார்.

"அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியும், ஆரம்பிக்கிற ஃபைல் கிடைக்கலைம்பான்."

"இருங்க, படிச்சிக்கறேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்வது அபூர்வம் என்பதால் அவர் கை நின்றது. "பக்கத்து மிஷின் எழுந்தப்போ நம்பர் பத்துல ஆரம்பிச்சுது. இதுல நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுல ஆரம்பிக்குதே, ஏன்?"

லேப்காரர் குனிந்து பார்த்தார். இரண்டு நாளாக அந்தத் திரையை நூறு தடவை பார்த்தவர்தான். கடைசி வரியைப் பார்த்ததுமே அணைத்துவிடுவார் என்பதால், நடு வரியை இப்போதுதான் முதன்முதலாகப் படித்தார். அவருடைய சர்வர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கொடுக்கும் முகவரி நம்பர் பத்தில்தான் ஆரம்பிக்கும். அவரே வைத்த ஏற்பாடு.

"அப்போ வேற எவனோ நம்பர் கொடுக்குறான்."

"வேற யாரு கொடுக்க முடியும்?"

"மிஷின் முழிச்சதும் பொதுவாத்தான் குரல் கொடுக்கும், நான் யாரு, எங்க போகணும்னு. எவன் முதல்ல பதில் சொல்றானோ அவன் பேச்சைக் கேட்டுக்கும். சர்வருன்னா நம்பரும் கொடுத்து, இமேஜ் எங்க இருக்குன்னும் வழி சொல்லும். இது எவனோ அரைகுறை. நம்பரை மட்டும் கொடுத்துட்டு அம்போன்னு விட்டுடுறான். விவரம் ஒண்ணும் தெரியாம, கேக்காத கேள்விக்கு முந்திக்கிட்டுப் பதில் சொல்ற ஜென்மம்!"

மனைவி திரையை விட்டுத் திரும்பினாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?"

"சும்மாதான். தேடுங்க, கிடைப்பான்" என்றாள்.

லேப் மூலையில் எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி இருந்தது. ஒவ்வொரு அறையின் கேபிளாகப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அலுவலகம் இல்லை. நூலக அறை இல்லை. இயற்பியல் லேப் இல்லை, அங்கேதான் இருக்கும் என்று சத்தியமே செய்திருந்தார். ஆசிரியர்கள் அறையின் கேபிளைப் பிடுங்கியதும், குறி போட்ட தலைகள் அத்தனையும் வரிசையாக எழுந்தன. "வச்சிக்கறேன் அவங்கள" என்று வேட்டைக்குப் போகிறவர்போல் கிளம்பினார்.

ஆசிரியர்கள் அறையில் புவியியல் ஆசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். லேப்காரர் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஒரு வைஃபை பெட்டி கிடைத்தது. மின்விசிறி இருக்கும் அதே சுவிட்ச் போர்டில் செருகியிருந்தது. ஆசிரியர்கள் வந்து சுவிட்சைப் போட்டால் அதற்கும் உயிர் வரும், அணைத்துவிட்டுப் போனால் அதுவும் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் ஒழுங்காக ஓடிய காரணம் விளங்கியது. கேபிளையோ செருகக் கூடாத ஓட்டையில் செருகி, லேப் கம்ப்யூட்டர்களுக்கும் இது நம்பர் கொடுக்கும்படி வைத்திருந்தார்கள்.

"எந்த அறிவாளி மேடம் இதை இங்க கொண்டுவந்து வச்சது?" என்று சத்தம் போட்டார்.

"நீங்கதான் சார்."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை உருகியிருந்தது. கரண்டு போன ஒரு நாளில் மெழுகுவர்த்தி சாய்ந்து, அவர் வீட்டிலேயே உருகிய மூலை அது.

"லீவுக்கு முன்னாடி, இந்த ரூம்ல வரவே மாட்டேங்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன்" என்றார் புவியியல் ஆசிரியை, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல். "நெட்டுதானே, நான் பாத்துக்கறேன்னு ஓடிட்டீங்க. மறுநாள் லீவுக்குக் கதவைப் பூட்டப்போற நேரத்துல இதைக் கொண்டுவந்து செருகிட்டுப் போனீங்க. நான் சொல்ல வந்தது காத்து சார். ஜன்னல் திறக்க வரலை."

லேப்காரர் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். ஜன்னலிடம் போய், துருப்பிடித்த கொக்கியை நாலு தட்டுத் தட்டித் திறந்துவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அன்று வீட்டில் மனைவி, "கிடைச்சானா?" என்று கேட்டாள். "கிடைச்சான்" என்றார். "ஆளு யாரு?" என்று அவள் கேட்கவில்லை. உருகிய மூலையோடு பெட்டி மேசை மேல்தான் இருந்தது.

புதன்கிழமை காலை ஆசிரியர்கள் வந்தார்கள், மின்விசிறிகள் சுற்றின, எல்லாக் கம்ப்யூட்டரும் எழுந்தன. தேர்வு நேரத்தில் லேப்காரர் உள்ளே இருக்கக் கூடாது, வாசலோடு சரி. வாசலில் ஒரு மேசை போட்டுத் தேர்வு அலுவலர் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டு உள்ளே அனுப்பினார். மனைவியின் முறை வந்தது.

"எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

மனைவி பழக்கதோஷத்தில் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

பதில் லேப்காரர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையைப் பார்த்ததும், அது அங்கேயே நின்றது. முழித்ததும் நான் யாரு, எங்க போகணும் என்று குரல் கொடுத்துவிட்டு நிற்கும் அந்தக் கறுப்புத் திரைகள் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷமாக அவள் தன் முகத்தில் எதைப் படித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்ததும், அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைத் திருப்பி, சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"உங்களைத்தாம்மா கேக்குறேன்" என்றார் அலுவலர்.

"நூலகத்துல சார்" என்றாள் அவள். "தற்காலிக எழுத்தர்."

"தேறினா வெளியூர்ல போஸ்டிங் வரலாம். போவீங்களா?"

இதற்குப் பதில் லேப்காரருக்கு நன்றாகவே தெரியும். அதெல்லாம் சரிப்படாது சார், முழங்கால் வலி, வீட்டை விட்டுட்டு இருக்க மாட்டா, இங்கேயே பாத்துக் கொடுங்க. உதட்டைக் கடித்துக்கொண்டு தீயணைப்புக் கருவியின் சிவப்பு நிறத்தை ஆராய்ந்தார்.

"போவேன் சார்" என்றாள் மனைவி. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

லேப்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே அத்தனை பேரும் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. அதில் அவள் தட்டுவது எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார், முடியவில்லை.

சாயங்காலம் இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள்.

"ஏங்க, அவர் கேட்டப்போ நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உன்னையத்தானே கேட்டாரு."

அவள் நின்று, புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"நிஜமாவே போவியா?"

"கிடைச்சாப் போவேன்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அவளுக்கு ஒரு அடி பின்னால் நடந்துவந்தார்.