என் படத்துக்கு மாமா உடைத்த தேங்காய்

என் தாய்மாமா நேர்மையானவர். தோட்டத்துக் கோயிலில் பொருளாளராக இருந்தபோது, அன்னதானத்தில் மிஞ்சிய வடையைக்கூட யாரையும் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உலகத்துப் படமெல்லாம் அதில் ஓடும், எடுத்தவனுக்கு மட்டும் ஒரு காசு போகாது. ஆனால் பெட்டி விற்றவனுக்கு வருடச் சந்தாவைத் தவறாமல் கட்டிவிடுவார். யாரையும் ஏமாற்றுவது அவருக்குப் பிடிக்காது.

கேட்டால் நியாயமும் வைத்திருந்தார். "சென்னையில அவன் கோடி கோடியா வாங்குறான். நான் ஓசியில பாத்தா அவன் குடும்பம் நடுத்தெருவுக்கா வந்துரப் போவுது?" கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குப் போய்ப் படம் பார்க்கக் காருக்கு எண்ணெய்க்காசு, பார்க்கிங், சோளப்பொரி என்று அடுக்குவார். நானும் தலையாட்டுவேன். அப்போது நான் படம் எடுத்திருக்கவில்லை.

பிறகு எடுத்தேன். வேலையை விட்டேன், காரை விற்றேன். பத்தாங் காலியில் பாதி, மாமாவின் தோட்டத்தில் பாதி என்று ஒரு வழியாக முடித்தேன். மாமாதான் அதில் மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒரே ஒரு வசனம், அதற்காக மாதக்கணக்கில் மீசை வளர்த்தார்.

படம் வெளியானது, கூட்டம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆள் சேராவிட்டால் திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுவோம் என்று தியேட்டரில் சொல்லிவிட்டார்கள். தூக்கிவிட்டால் எனக்கு அடுத்த படம் என்ற பேச்சே இல்லை. சொந்தக்காரர்களையாவது திரட்டலாம் என்று போனை எடுத்தபோது மாமாவே கூப்பிட்டார்.

"மருமவனே, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. எல்லாரும் வர்றாங்க. உன் படத்துக்குத்தான்!"

வேன் பிடித்து எல்லாரையும் கிள்ளானுக்குக் கூட்டிப்போகப் போகிறார் என்று நினைத்தேன்.

போனால் வாசலில் கூடாரம், ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசனை. லயத்து வீடுகளின் சனம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. மாமா எனக்கு மாலை போட்டார். டிவிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ரிமோட்டை அழுத்தினார். கறுப்புப் பெட்டியில் என் படம் ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா, அதுக்குள்ள வந்துருச்சு! மத்தவன் படத்துக்கெல்லாம் ஒரு வாரம் ஆவும். உனக்கு மவுசு லா!"

"மாமா, இது திருட்டு" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "என்னப்பா இப்படிப் பேசுற? ஊரான் படத்தப் பாத்தாத்தான் திருட்டு. இது நம்ம வீட்டுப் படம். நம்ம வீட்டுப் பொருள நாமளே எடுத்தா திருட்டா?"

கூடமே ஆமாம் என்றது. கோபம் கோபமாக வந்தது. அந்த ஆட்டின் விலைக்கு ஒரு காட்சியையே நிரப்பியிருக்கலாம். ஆனால் மாலை போட்டுப் பாசத்தோடு பார்க்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? உட்கார்ந்து பார்த்தேன்.

யாரோ தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த படம், கொஞ்சம் ஆடியது. மாமா வரும் காட்சியில் எல்லாரும் விசிலடித்தார்கள். மாமா வசனம் பேச வாயைத் திறந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் ஒரு தலை எழுந்து மீசையை மறைத்தது.

அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எவன்டா அவன்? காசு குடுத்துப் போனா, ஒழுங்கா உக்காந்து பாக்கத் தெரியாது?"

அந்தத் தலை திரும்பிப் பின்னால் பார்த்தது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். திரும்பும்போது திரை வெளிச்சத்தில் பக்கவாட்டில் முகம் தெரிந்தது.

அது நான்தான். முதல் காட்சிக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து பார்த்தேன். என்னைத் தவிர ஒரே ஒருவர், கடைசி வரிசையில். என் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வந்த அந்தப் புண்ணியவானுக்கு அன்று மனதுக்குள் நன்றி சொன்னேன். அவர் மடியில் இருந்தது கேமரா என்று மாமா வீட்டுக் கூடத்தில்தான் தெரிந்தது.