மூன்று என்றால் முக்கால்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பில்லிங் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் பன்னிரண்டே முக்கால் சதுர அடித் தோலை 12.3 என்றுதான் எழுதுவோம். புள்ளிக்குப் பின்னால் வரும் 3, மூன்று கால், அதாவது முக்கால்.

பில்லிங் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள, தோல் அளவைத் தானே கூட்டித் தரும் ஆட்-ஆன் ஒன்றை வாங்கினோம். "தோல் கம்பெனிக்குன்னே செஞ்சது மேடம், ஒரு வருஷம் சப்போர்ட் உண்டு" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

முதல் லோடு லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது பில்லைப் பார்த்தேன். 12.3 அளவுள்ள இரண்டு தோல்களுக்கு 24.6 என்று இருந்தது. இருபத்தைந்தரை, எங்கள் எழுத்தில் 25.2 அல்லவா வர வேண்டும்! லோடு ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு விற்றவரை அழைத்தேன்.

"கூட்டல் கரெக்டா தானே இருக்கு? சாஃப்ட்வேர் நின்னு போனாதான் மேடம் சப்போர்ட்டு" என்றார்.

"நின்னு போயிருந்தா நானே கையால கூட்டியிருப்பேனே சார். ஓடிக்கினே தப்பா சொல்லுதே, அதுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் அவர் எழுதியிருந்ததை அவருக்கே அனுப்பினேன். பிறகு, "சரி பண்ணித் தர்றேன்" என்றார். மறுநாள் செய்தும் கொடுத்தார்.

தோல் கம்பெனிக்கென்றே செய்தது என்பதை அவர் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இப்போதெல்லாம் சப்போர்ட் எதற்கெல்லாம் உண்டு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன். டெமோ காட்ட வருபவரிடம், "கொஞ்சம் நகருங்க சார்" என்று சொல்லி, நானே உட்கார்ந்து 12.3 என்று இரண்டு முறை அடிக்கிறேன். 25.2 வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.