தண்ணீரில் போட்ட தோட்டா

வெளிநாட்டில், சீசா என்ற பகுதியில் நான் வேலை பார்த்த வீட்டு ஐயா ஒரு முயல் வேட்டைக்காரர்; அவரை சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை அவர் எறியமாட்டார். சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவற்றுக்குத் திரும்பவும் மருந்தும் ஈயக் குண்டும் நிரப்புவார். கூட்டின் அடியில் பொத்தான் அளவில் ஒரு குப்பி இருக்கும். துவக்கின் ஊசி அதில் குத்தினால்தான் நெருப்புப் பிறக்கும். அதை அவர்கள் இன்னெஸ்கோ என்பார்கள்.

ஒருமுறை சில கூடுகளில் புது இன்னெஸ்கோவை ஏற்றிய பிறகுதான் அவற்றின் வாய் கிழிந்திருப்பதைக் கண்டார். மருந்து இன்னும் போடவில்லை. ஆனாலும் வெடிக்காத இன்னெஸ்கோவைக் கழற்றியாக வேண்டும். "வந்து செய்கிறேன், தொடாதே" என்று சொல்லிவிட்டுப் பகேரியாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். எனக்கா சொல்வது? எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பல்கனி வெயிலில் கோப்பைகளைப் போலக் கவிழ்த்து வைத்தேன். நல்ல காரியம் செய்த பெருமை வேறு.

தண்ணீரில் போட்ட தோட்டா செத்துவிடும் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. மன்னாரில் சண்டைக் காலத்தில் அரசாங்க உத்தரவுப்படி அப்பா தன் துவக்கை ஒப்படைத்தபோது, மிச்சமிருந்த தோட்டாக்களோடு பிடிபடப் பயந்து அவற்றைக் கிணற்றில் போட்டார். சில வருடங்களுக்குப் பிறகு அண்ணா கிணறு இறைத்துச் சேறு அள்ளினார். சேறு காய்ந்த பின் அதில் கிடந்த தோட்டா ஒன்றின் அடியை ஆணியால் கிண்டியிருக்கிறார். வெடித்து வலது கண் போனது.

"கிணத்துச் சேத்துக்கைதான் கிடந்தது" என்று ஆஸ்பத்திரியில் அழுதார். செத்த சாமான் வெடிக்குமா, இயக்கப் பொடியளிடம் வாங்கி ஒளித்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று அப்பா அவரை வீட்டை விட்டே துரத்தினார். வீடே அப்பாவின் பக்கம் நின்றது. பிறகு அப்பா கொழும்பிலும் அண்ணா நீர்கொழும்பிலுமாகக் குடியேறினார்கள். அம்மாவின் செத்த வீட்டில்கூட இருவரும் கதைக்கவில்லை.

சிஞ்ஞோரே திரும்பி வந்து பல்கனியைப் பார்த்ததும் முகம் வெளிறினார்.

"செத்துவிட்டதென்று உனக்கு யார் சொன்னது? தண்ணீரை நம்பக் கூடாது. காய்ந்தால் அது திரும்ப எழும்பும்."

என்னை அறைக்கு வெளியே நிறுத்தினார். மருந்து டப்பாக்களை அப்புறப்படுத்திவிட்டுக் கண்ணுக்கும் காதுக்கும் காப்புப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கூடாகக் கையால் அழுத்தும் கருவியில் பொருத்தி, முகத்தை விலக்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாகப் பிடியை இறக்கினார். தட்டினால் வெடிக்கும், மெல்ல அமுக்கினால் அநேகமாக வெடிக்காது என்றார். சில குப்பிகள் சத்தமில்லாமல் வெளியே வந்தன. பிறகு ஒன்று படாரென்று வெடித்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். நான் நடையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார், பாவம். எனக்கு அண்ணாவின் நினைவைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கபோ சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டெலிபோன் கடையில் இருந்து அப்பாவுக்கு எடுத்தேன்.

"அப்பா, அண்ணா பொய் சொல்லேல்லை. அது எங்கடை கிணத்திலை கிடந்ததுதான். தண்ணி பட்டாலும் அது சாகாதாம். நான் கண்ணாலை கண்டனான்."



"தெரியும் பிள்ளை" என்றார். "வெடிச்ச கூட்டை ஆஸ்பத்திரியிலை காட்டினவை. பாத்த உடனை தெரியும், அது என்ரை தோட்டாதான் எண்டு."

"அப்ப ஏன் அப்பா?"

"பெத்த பிள்ளையின்ரை கண்ணை நான்தான் எடுத்தனான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

அப்பா அழுவதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

"இதை எனக்குச் சொல்லாதேங்கோ. நீர்கொழும்புக்குப் போய் அண்ணாவிட்டைச் சொல்லுங்கோ" என்று ரிசீவரை வைத்தேன்.